எதிர்த்து விழுந்த ஓட்டு

பாத்தியளா, அந்த டிரைவரு நான் ஏறும்போது என்னைப் பாத்தான். நல்லாவே பாத்தான். பாத்துட்டு, பாக்காத மாதிரி கண்ணாடியத் திருப்பிக்கிட்டு இருக்கான். அவனுக்கு இந்த டிப்போவுக்கு மாத்தல் வாங்கிக் குடுத்தது நாந்தான். பொண்டாட்டிக்குப் பேறுகாலம்னு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான். ஒரே போன்ல முடிச்சுக் குடுத்தேன். இன்னைக்கு ஒரு வணக்கம் சொல்ல அவனுக்குக் கழுத்து வலிக்கி.

நீங்க சன்னல் பக்கமே இருங்க. எனக்குக் காத்து ஆகாது. திருநெல்வேலி வரைக்குமா? நானும் அங்கதான். ஒரு வக்கீலப் பாக்கப் போறேன். இல்ல, எடத் தகராறு ஒண்ணும் இல்ல. இது பொதுக் காரியம். சொன்னா உங்களுக்கும் புரியும், அரசாங்க பஸ்ல போறவியதான நீங்களும்.

எம் பேரு தளவாய். எங்க கோட்டத்துல எந்த டிப்போவுல போயிக் கேட்டாலும் தளவாய் அண்ணாச்சின்னா தெரியும். பஸ் தொழிலாளர் சங்கத்துக்குப் பொதுச் செயலாளரா இருந்தவன். நேத்து முந்தாநாள் இல்ல, இந்தத் தலை கறுப்பா இருந்த காலத்துல இருந்து. டிரைவராத்தான் வேலைக்குச் சேந்தேன். சங்கப் பொறுப்புக்கு வந்த பொறவு டூட்டி கெடையாது, விலக்கு உண்டு. ஸ்டியரிங்கத் தொட்டு இருவது வருசம் இருக்கும். அதனால என்ன? வண்டி ஓட்டுதவன் கஷ்டம் ஓட்டிப் பாத்தாத்தான் தெரியுமா?

சங்கத்துக்குப் பெரிய வேலை என்ன தெரியுமா? மூணு வருசத்துக்கு ஒருக்கா நிர்வாகத்தோட ஊதிய ஒப்பந்தம் போடுதது. மத்ததெல்லாம் சில்லறை. அதை எப்படிப் போடணும்னு ஒரு முறை இருக்கு. முதல் நாளு எம்.டி. ரூமுக்குள்ள போயி மேசையத் தட்டணும். தட்டுத சத்தம் வராண்டாவுல நிக்கவனுக்குக் கேக்கணும். ரெண்டாவது நாளு வெளிநடப்பு. மூணாவது நாளு எம்.டி. ஆளு விடுவாரு, தளவாய மட்டும் வரச் சொல்லுன்னு. உள்ள போனா முந்திரிப்பருப்பு இருக்கும், நல்ல காப்பி இருக்கும். 'என்ன தளவாய், பிள்ளைய சௌக்கியமா'ன்னு கேப்பாரு. ஒரு காப்பி குடிச்சு முடிக்கதுக்குள்ள ஒப்பந்தம் முடிஞ்சிரும். இது படிச்சு வராது. பழகி வரணும்.

பொறவு பொதுக்குழு. கல்யாண மண்டபத்தப் பிடிச்சு, பிரியாணி போட்டு, நான் மைக்ல அம்சங்கள வாசிப்பேன். கடைசில, 'இந்த ஒப்பந்தத்த ஏத்துக்கிடுதியளா'ன்னு கேப்பேன். கை தட்டுவாவ. அதுதான் ஒப்புதல். எத்தனை ஒப்பந்தம் இப்படிப் போட்டிருக்கேன். ஒருத்தன் எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டது கெடையாது. அவ்வளவு நம்பிக்கை என் மேல.

இதுல வந்து சேந்தா ஒருத்தி. ஆவுடையம்மாள்னு பேரு. கண்டக்டரு. அவ புருசன் எங்க டிப்போ டிரைவரு, பாவம், நல்ல பய. மெட்ராஸ் வண்டிய ஓட்டிக்கிட்டு விடியக்காலம் வந்தான். மாத்தி விட ஆள் இல்ல, மதுரை வண்டிய எடுத்துட்டுப் போன்னுட்டாவ. கோவில்பட்டிக்கு இந்தப் பக்கம் நெஞ்சப் பிடிச்சுருக்கான். வண்டிய ஓரமாக் கொண்டாந்து நிறுத்திட்டுத்தான் சாஞ்சுருக்கான். ஒரு பயணிக்கும் ஒரு கீறல் கெடையாது. விதி, வேற என்ன சொல்ல? மாலை வாங்கிட்டு முதல் ஆளாப் போனது நான். வாரிசு வேலை போட்டுக் குடுங்கன்னு எம்.டி.ட்டச் சொல்லி, இவளுக்கு இந்தக் கண்டக்டர் வேலைய வாங்கிக் குடுத்ததும் நான்.

அந்த நன்றி இருந்துச்சான்னு கேளுங்க.

இந்தத் தடவை ஒப்பந்தத்துக்குக் கோரிக்கை எழுதக் கூட்டம் போட்டோம். எல்லாரும் வழக்கம்போல சம்பள உயர்வு, படி, போனசுன்னு சொல்லுதாவ. இவ எந்திரிக்கா. டிப்போவுல அதுவரைக்கும் ஒரு பொம்பளை கூட்டத்துல எந்திரிச்சது இல்ல. 'அண்ணாச்சி, ஒரு டூட்டி பாத்து வந்தவங்கள ஓய்வு குடுக்காம மறுபடி வண்டில ஏத்தக் கூடாது. அத எழுதுங்க'ன்னா. பொறவு, 'கடைசி ஸ்டாப்புல பொம்பளைங்களுக்குத் தாப்பாப் போடுத மாதிரி ஒரு கக்கூஸ் வேணும்'னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஒப்பந்தம்னா என்ன, கக்கூஸ்னா என்ன? ஆனா நான் சிரிச்சனே ஒழிய, வேற யாரும் சிரிக்கல. அது அப்ப எனக்குப் படல. சரி, பொம்பளப் பிள்ளை கேட்டுட்டாளேன்னு கடைசில ஒரு ஓரமாச் சேத்து விட்டேன்.

பேச்சுவார்த்தை நல்லாத்தான் போச்சு. மேசை தட்டியாச்சு, வெளிநடப்பு பண்ணியாச்சு, காப்பிக்கும் கூப்பிட்டாச்சு. எம்.டி. சொன்னாரு, 'தளவாய், சம்பளத்துல நீங்க எதிர்பாத்ததுக்கு மேலேயே தாரேன். அந்த டபுள் டூட்டிய மட்டும் தொடாதீங்க. ஆள் இல்ல. அத எடுத்தா வண்டி ஓடாது.' நியாயந்தான? நான் என்ன, வண்டி ஓடக் கூடாதுன்னு நெனைக்கவனா? கறிவேப்பிலைய எடுத்து எலை ஓரத்துல வைக்க மாதிரி அந்த ரெண்டு கோரிக்கையையும் எடுத்து வச்சுட்டேன். அதுக்குப் பதிலா எம்.டி. அவராவே சங்க ஆபீசுக்கு ஏசி போட்டுத் தாரேன்னாரு. நிர்வாகிகளுக்கு டூட்டி விலக்கையும் கூட்டிக் குடுத்தாரு. நான் கேக்கல. அவராக் குடுத்தாரு.

மண்டபத்துல பிரியாணி வாசனை வர்ற நேரத்துல வாசிச்சு முடிச்சேன். ஏத்துக்கிடுதியளான்னு கேட்டேன். முன்வரிசையில நாலு பேரு தட்டுனாவ. பின்னால அமைதி. இவ எந்திரிக்கா. 'சீட்டு குடுத்து ஓட்டுப் போடச் சொல்லுங்க அண்ணாச்சி. சங்க விதில அப்படித்தான் இருக்கு'ன்னா.

விதில இருந்துச்சுதான். அது சங்கத்தப் பதிவு பண்ணுத காலத்துல எவனோ எழுதி வச்சது. இருந்தாலும் எனக்கென்ன பயம்? போடுங்கன்னேன். என் கூடவே பத்து வருசமா இருந்த துணைச் செயலாளர் மாசானம் காதுல வந்து, 'வேண்டாம் அண்ணாச்சி, இன்னொரு நாளைக்கு வச்சுக்கிடுவோம்'னான். பயந்தாங்கொள்ளி. போடச் சொல்லுவேன்னேன். மண்டபத்துல சோறு பரிமாறுத கூடையக் காலி பண்ணி அதுல சீட்டப் போட்டாவ.

ஒப்பந்தம் தோத்துப் போச்சு.

நல்லாக் கேளுங்க. நூறு கோரிக்கையில தொண்ணூத்தெட்ட வாங்கிக்கிட்டு வந்து வைக்கேன். வேண்டாம்னுட்டாவ. என் பிரியாணியத் தின்னுக்கிட்டே வேண்டாம்னாவ. கோட்டிப் பயலுவ. சீட்டுல எங்க டிக் போடணும்னு தெரியாமப் போட்டிருப்பானுவன்னுதான் நான் இன்னைக்கும் நெனைக்கேன்.

எனக்கு மானம் ரோசம் இருக்குல்லா. அந்த இடத்துலேயே ராஜினாமான்னுட்டேன். ராஜினாமான்னு ஒருத்தன் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? வந்து கையப் பிடிக்கணும். அண்ணாச்சி கோவப்படாதியன்னு சொல்லணும். அதான உலக வழக்கம். இவனுவ ஏத்துக்கிட்டானுவ. மாசானம் எந்திரிச்சு நன்றி சொல்லித் தீர்மானமே வாசிக்கான். புது பொதுச் செயலாளர் யாருங்கிய? இவதான். ஆவுடையம்மாள்.

பதவி போனதும் விலக்கும் போச்சு. மறுநாளே கிளை மேலாளர், நேத்து வரைக்கும் என்னைப் பாத்தா நாற்காலிய விட்டு எந்திரிச்ச ஆளு, டூட்டிக்கு வாங்கன்னாரு. போனேன். நமக்கென்ன பயம். சங்கரன்கோவில் வண்டி. ஒரு டூட்டி. எறங்கும்போது முதுகு நிமிரல. வீட்டுக்கு வந்து பாயில விழுந்தவன், மறுநா மத்தியானம் மருமக வந்து தட்டித்தான் எந்திரிச்சேன். பழக்கம் விட்டுப் போச்சு, அவ்வளவுதான். அன்னையில இருந்து மெடிக்கல் லீவு. அடுத்த சித்திரையோட ரிட்டயர்டு, இனி எதுக்கு?

சரி, அவ பேச்சுவார்த்தைக்குப் போன லெட்சணத்தக் கேளுங்க. கூட ஒரு டிரைவரையும் ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கிட்டு, கையில தூக்குவாளியோட போயிருக்கா. எம்.டி. ரூமுக்குத் தூக்குவாளி. முந்திரிப்பருப்ப நீட்டுனா வேண்டாம்னுட்டாளாம். மேசையத் தட்டத் தெரியல, வெளிநடப்பு பண்ணத் தெரியல. எம்.டி. என்ன சொன்னாலும், 'சரிங்க சார், அந்த ஓய்வு விசயம்?' அவரு சம்பளத்த இன்னும் கூட்டுதேங்காரு. 'சரிங்க சார், அந்த ஓய்வு?' அவருக்குக் கோவம் வந்து எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. பாருங்க, எம்.டி.யே வெளிநடப்பு பண்ணுத அளவுக்குக் கொண்டாந்துட்டா. இவ என்ன செஞ்சா? சோத்து நேரம் ஆயிட்டுன்னு அங்கனயே வாளியத் தொறந்து, மூணு பேருமா தயிர்ச்சோத்தத் தின்னுருக்காவ. அவரு திரும்பி வந்து பாக்காரு, ரூம் பூராவும் மாவடு வாசனை. இதுவா பேச்சுவார்த்தை?

நிர்வாகம் மசியல. இவள மலையடிவாரத்துல ஒரு மூலை டிப்போவுக்குத் தூக்கி அடிச்சாவ. பன்னெண்டாங் கிளாஸ் படிக்க ஒரு மக இருக்கா வீட்டுல, வேற நாதி கெடையாது. நான் ஒருநா பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். டைம் கீப்பர் ரூமுக்குப் பின்னால, பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, செவத்தப் பாத்து நின்னு அழுதுக்கிட்டு இருந்தா. அழுது முடிச்சு, சேலைத் தலைப்பால முகத்தத் தொடைச்சு, வண்டில ஏறி 'டிக்கெட், டிக்கெட்'ன்னா. எனக்குத் தோணிச்சு, இதுக்குத்தான் சொல்லுதேன், இது பொம்பளைக்கு ஆகுற சோலியான்னு. நான் இத்தனை வருசத்துல ஒரு நாளாவது அழுதுருக்கனா? ஒரு மாத்தல் எனக்கு உண்டா?

அப்பந்தான் சட்டப்படி வேலைன்னு ஆரம்பிச்சாவ. வேலைநிறுத்தம்னாக் கூட ஒரு கௌரவம் இருக்கு, கொடி இருக்கு, கோசம் இருக்கு. இது என்னன்னா, ஒரு டூட்டிய முடிக்க வேண்டியது, சாவிய வைக்க வேண்டியது, வீட்டுக்குப் போயித் தூங்க வேண்டியது. அவ்வளவுதான் போராட்டம். தூங்குத போராட்டத்த நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியளா? பாதி வண்டி டிப்போவுலயே நின்னு போச்சு. சனங்க ஏசுதாவ. நீங்களும் அப்ப எங்கயாவது வெயில்ல நின்னுருப்பிய.

எம்.டி. எனக்குத்தான் போன் போட்டாரு. பதவி போனாலும் மதிப்புத் தெரிஞ்ச மனுசன். நீங்க சொன்னாக் கேப்பாங்க தளவாய்ன்னாரு. நான் மைக்கக் கட்டிக்கிட்டு டிப்போ கேட்டுல நின்னேன். 'தோழர்களே, பயணிகள நெனைச்சுப் பாருங்க, மறுபடி ஒரு சிங்கிள் நடை எடுங்க'ன்னு தொண்டை கட்டுத வரைக்கும் பேசுனேன். ஒவ்வொருத்தனா வெளிய வாரான், என்னப் பாத்து ஒரு கும்புடு போடுதான், சைக்கிள்லயும் பைக்லயும் ஏறிப் போயிட்டே இருக்கான். எம் பையனும் வந்தான். குத்தாலிங்கம். அவனும் அதே டிப்போவுல டிரைவரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. எங்கிட்ட வந்து நின்னு, மைக்க ஒரு கையால மூடிக்கிட்டு, 'தூக்கம் வருதுப்பா'ன்னான். போயிட்டான்.

நான் மைக்க விடாமப் பேசிக்கிட்டே இருந்தேன். கேட்டுல வாட்ச்மேன் மட்டும் நின்னான்.

கடைசில நிர்வாகம் எறங்கி வந்துட்டு. புது ஒப்பந்தம். சம்பள உயர்வு நான் வாங்கிக் குடுத்தத விடக் குறைச்சல், அத எழுதி வச்சுக்கோங்க. ஏசி கெடையாது. நிர்வாகிகளுக்கு விலக்கு கெடையாது, அவளே டூட்டி பாத்துக்கிட்டுத்தான் சங்கத்தப் பாக்கா. வாங்குனது என்னன்னா, சம்மதம் இல்லாம மறு டூட்டிக்கு அனுப்பக் கூடாது. டிரைவர் கண்டக்டர் படுக்க ஃபேன் போட்ட ரூமு. தாப்பா வச்ச கக்கூஸு. இதுக்கு ஒரு ஒப்பந்தம். கையெழுத்துப் போடுத நேரத்துல அந்த எம்.டி. மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு நெனைச்சேன்.

அதையும் ஓட்டுக்கு விட்டாவ. இந்தத் தடவை டிப்போ டிப்போவா, முறையாப் பெட்டி வச்சு, மறைப்புக் கட்டி, ரகசிய வாக்கெடுப்பு. நான் போனேன். முதுகு வலியோட போயி, மறைப்புக்குள்ள நின்னு, எதிர்ப்புன்னு அழுத்தமா டிக் போட்டு, மடிச்சு, என் கையாலேயே பெட்டிக்குள்ள போட்டேன்.

சாயந்தரம் டிப்போ ஷெட்டுல வச்சே எண்ணுனாவ. மாசானம் மைக்ல வாசிக்கான். எங்க டிப்போவுல ஆதரவு அவ்வளவு பேரு. எதிர்ப்பு, ஒண்ணு.

ஒண்ணுன்னு அவன் சொன்னதும் அத்தனை பேரும் திரும்பி என்னப் பாக்காவ. இதுக்குப் பேரு ரகசிய வாக்கெடுப்பாம். எவன் போட்டான்னு ஊருக்கே தெரிஞ்சு போன பொறவு அதுல என்ன ரகசியம்? ஒருத்தனும் சிரிக்கல, அதச் சொல்லணும். சிரிச்சிருந்தாலும் பரவாயில்ல. எண்ணுததப் பாக்க மலையடிவாரத்துல இருந்து வந்திருந்த ஆவுடையம்மாள் எந்திரிச்சு நேரா எங்கிட்ட வந்தா. 'அண்ணாச்சி, ஓய்வு ரூம நீங்கதான் தெறந்து வைக்கணும். எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தது நீங்க'ன்னா. எப்படிக் குத்திக் காட்டுதா பாத்தியளா, இத்தனை பேரு மத்தியில வச்சு? நான் அங்கன நிக்காம வந்துட்டேன்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இத விடக் கூடாதுன்னு. எண்ணுனதுல மோசடி இருக்கு. எப்படிச் சொல்லுதேன்னா, எம் பையன் எதிர்த்துத்தான போட்டிருப்பான்? பெத்த பிள்ளைல்லா. மாசானம் என்னதான் துரோகியானாலும் பத்து வருசம் என் சோத்தத் தின்னவன், அவனும் எதிர்த்துத்தான் போட்டிருப்பான். அப்ப எனக்குத் தெரிஞ்சே மூணு வரணும். ஒண்ணு எப்படி வரும்? வக்கீலு சொன்னாரு, 'சாட்சி வேணும் சார். யாராவது ஒருத்தர், நான் எதிர்த்துப் போட்டேன்னு கோர்ட்ல வந்து சொல்லணும்'னு.

முந்தாநாளு காலையில பையனக் கேட்டேன். அவன் இப்பெல்லாம் காலையில வீட்டுல இருக்கான். பேத்திய மடில உக்கார வச்சுத் தலை பின்னிக்கிட்டு இருக்கான். ஆம்பளை செய்யுத வேலையா இது? மருமக அடுப்படில பாட்டு முணுமுணுக்கா. இந்த வீட்டுல அவ பாட்டுச் சத்தத்த நான் கேட்டதே கெடையாது. ஒப்பந்தம் வந்ததுல இருந்து வீடே சோம்பேறி மடமாப் போச்சு.

'ஏல, நீ எதிர்த்துத்தான போட்ட?'ன்னு கேட்டேன்.

அவன் பின்னலப் பிடிச்ச கையோட அப்படியே இருந்தான். பொறவு கேக்கான், 'எதிர்ப்பு ஓட்டு ஒண்ணு விழுந்துச்சுல்லாப்பா?'

'விழுந்துச்சு.'

'அது என்னுதுன்னு வச்சுக்கிடுங்க. டிப்போவுல யாரு கேட்டாலும் நான் போட்டேன்னே சொல்லிருதேன். நீங்க ஆதரவாப் போட்டதாச் சொல்லிக்கிடுங்க. அந்த ரூமத் தெறந்து வைக்கக் கூப்பிடுதாவல்லா, போயிட்டு வாங்க.'

பாத்தியளா, ரத்தம் எப்படிப் பேசுதுன்னு. எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. எம் பையன் எனக்காகத்தான் போட்டிருக்கான். நான் சொன்னது சரியாப் போச்சு.

பொறவு முத்தத்துல உக்காந்து யோசிக்கேன். அந்த ஒண்ணு எம் பையனோடதுன்னா, நான் போட்டது எங்க? என் கையால மடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டேன். சத்தியமாப் போட்டேன். அப்ப என் ஓட்ட எடுத்துட்டாவ. பழைய பொதுச் செயலாளர் ஓட்டையே தூக்கிட்டாவன்னா மத்தவன் ஓட்டெல்லாம் என்ன ஆகியிருக்கும், நீங்களே சொல்லுங்க.

வக்கீலுக்கு இது இன்னும் தெரியாது. இன்னைக்குப் போனதும் முதல்ல இதத்தான் சொல்லப் போறேன். சாட்சிக்கு எங்கயும் அலைய வேண்டாம். எம் பையன் இருக்கான்.